பேட டாக்டர்

1997 நவம்பர் 20, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து காய்ச்சிக் காப்பி கலந்தேன். என் பங்கைக் குடித்துவிட்டு மனைவியின் பங்கை மூடி வைத்தேன். பேனாவுக்கு மை நிரப்பினேன். விஜயநகரிலிருந்து புறப்படும் முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பனி இன்னும் விலகவில்லை. ஆஸ்பத்திரியில் மருத்துவப் பதிவேட்டு அறையைத் திறந்து, விளக்கைப் போட்டு, அன்றைய அறுவைச் சிகிச்சைக்கான கோப்புகளை வரிசைப்படி அடுக்கிக் கட்டி மாடிக்கு எடுத்துப் போனேன். அது முகாமின் கடைசி அறுவை நாள். கட்டின் மேலே இருந்தது ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஐந்து வயதுச் சிறுமியின் கோப்பு. முதல் ஆள் அவள்தான்.

ஏழு மணிக்குள் அந்த வரிசை குலைந்துவிட்டது. குலைத்தவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவர் மலேசியாத் தமிழ்ப் பெண்மணி, ஈப்போ ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். பிளவு உதடும் பிளவு அண்ணமும் உள்ள குழந்தைகளுக்கு இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்யும் வெளிநாட்டுக் குழு ஒன்று, நான்கு வருடம் தொடர்ந்து நவம்பரில் எங்கள் மைசூர் ஆஸ்பத்திரிக்கு வந்தது. தலைவர் ஆஸ்திரேலியர். மற்றவர்கள் பல நாட்டுக்காரர்கள். எல்லோரும் தங்கள் வருடாந்திர விடுமுறையைச் செலவழித்து, தங்கள் கைக்காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள். கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் தெரியும் என்பதால் அந்த நாட்களில் என்னைப் பதிவேட்டு அறையிலிருந்து கடன் வாங்கிக்கொள்வார்கள். தமிழ் பேசும் பெற்றோரிடம் மட்டும் அந்த டாக்டருக்கு நான் தேவைப்படவில்லை. அவருடைய தமிழ் எங்கள் தமிழ் போல இருக்காது. யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை "பசியாறிட்டீங்களா?" என்பதுதான். அவர் ஊரில் காலையில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதற்கு அப்படித்தான் சொல்வார்களாம். கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் ஜனங்கள் இதைக் கேட்டு முந்தானைக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

அவருக்குப் 'பேட டாக்டர்' என்று பெயர் வைத்தது எங்கள் வார்டு ஆயா. கன்னடத்தில் 'பேட' என்றால் வேண்டாம். சளி இருக்கிறதா, பேட. ரத்தம் குறைவா, பேட. எடை போதவில்லையா, பேட. மற்ற டாக்டர்கள் குழந்தைகளின் உதட்டைப் பார்ப்பார்கள். இவர் உதட்டைக் கடைசியாகப் பார்ப்பார். முதலில் மூக்கு, தொண்டை, நெஞ்சு. "உதட்டுல என்ன இருக்கு, அது எங்கயும் ஓடிப் போகாது லா" என்பார். பேச்சின் முடிவில் 'லா' சேர்ப்பது அவர் ஊர் வழக்கம்.

வேண்டாம் என்று சொல்கிற டாக்டர்கள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். அதை ஜனங்களிடம் கொண்டு போய்ச் சேர்ப்பது என்னைப் போன்றவர்களின் வேலை. முதல் வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, தேறாத குழந்தைகளின் பெயர்களை வைத்துக்கொண்டு வராந்தாவில் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்றேன். வராந்தா கொள்ளாத கூட்டம். யாரோ பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தார்கள். அவர்தான்.

"எறங்குங்க அண்ணே. நான் சொன்னதுதானே, நான்தான் போய்ச் சொல்லணும்."

ஒவ்வொரு குடும்பத்திடமும் போனார். அவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தால் அவரும் தரையில் உட்கார்ந்தார். இந்த வருடம் முடியாது, காரணம் இன்னது என்று சொன்னார். சொன்னபின் எழுந்திருக்கவில்லை. எனக்குப் புதிதாக இருந்தது அதுதான். அவர்கள் அழுது முடிக்கும்வரை, திட்டி முடிக்கும்வரை அங்கேயே இருந்தார். நஞ்சன்கூடு பக்கத்து அம்மா ஒருத்தி கன்னடத்தில் வெகு நேரம் திட்டினாள். டாக்டருக்குக் கன்னடம் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாக, "ரொம்ப வருத்தப்படறாங்க" என்றேன்.

"அந்தம்மா இவ்ளோ நேரம் பேசினாங்க. நீங்க ரெண்டே வார்த்த சொல்றீங்க?"

"மத்ததெல்லாம் சும்மா கோவத்துல, டாக்டர்."

"கோவத்தையும் சொல்லுங்க. எனக்குத்தானே சொல்றாங்க?"

சொன்னேன். அவருடைய அப்பாவைப் பற்றி வந்ததை மட்டும் விழுங்கினேன். கண்டுபிடித்துவிட்டார். "'அப்பா'ன்னு ஒண்ணு கேட்டிச்சே?" அதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு, சரி என்று தலையாட்டினார். அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாதவள் போல, குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு, அடுத்த வருடம் எந்த மாதம் வர வேண்டும் என்று கேட்டாள்.

எனக்கு அவரிடம் மரியாதை இருந்தது. உடனே பிரியம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பஸ்ஸுக்குக் கடன் வாங்கிக்கொண்டு வந்த குடும்பத்தை ஒரு சொட்டு மூக்கு ஒழுகலுக்காகத் திருப்பி அனுப்புவது மனசுக்கு ஒப்பவில்லை. இரண்டாம் வருடம் ஒரு தேநீர் இடைவேளையில் கேட்டேன்: "முன்னாடி எப்பவாவது ஏதாவது நடந்துபோச்சா டாக்டர்? அதனாலதான் இவ்வளவு பயப்படறீங்களா?"

"இல்லையே. ஒண்ணும் நடந்ததில்ல."

"அப்புறம் ஏன்?"

"அதான் சொல்றேனே, ஒண்ணும் நடந்ததில்ல" என்றார், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. உள்ளே பெரிய கதை ஏதோ இருக்கிறது என்று எதிர்பார்த்திருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இவ்வளவு கறாரான மனுஷி தேவராஜா மார்க்கெட்டில் காலை வைத்தால் வேறு ஆள். ஊதுவத்திக் கடைக்காரன் "மேடம், இதை மட்டும் மோந்து பாருங்க" என்றால் போதும், அரை டஜன் கட்டு வாங்கிவிடுவார். மல்லிகைக்காரி, குங்குமக்காரி, சந்தனச் சோப்புக்காரன் யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஒருமுறை வாழைப்பழச் சீப்புகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ஆயா பார்த்துவிட்டு, "சார், ஆஸ்பத்திரில சொல்ற 'பேட'வுல ஒண்ண மார்க்கெட்டுக்கும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, பணமாச்சும் மிஞ்சும்" என்றாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். "பாவம், அவங்க நின்னுகிட்டே இருக்காங்க லா" என்றார்.

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஹனூர்ச் சிறுமிக்குப் பிளவு உதடு. யாராவது பார்த்தால் பாவாடை நுனியை எடுத்து வாயை மூடிக்கொள்வாள். வருகிற ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இந்த வாயோடு போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். முந்தின வருடமும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சில் சளி, பேட. இந்த வருடம் எல்லாம் சரியாக இருந்தது. குழு அடுத்த வருடம் வேறு நாட்டுக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. ஆகவே அவளுக்கு இந்த வியாழக்கிழமைதான்.

அப்பா விவசாயி. அம்மாவுக்குக் கைக்குழந்தை இருந்ததால் வரவில்லை. புதன்கிழமை மாலை சிறுமியின் சித்தப்பா, மாதேஸ்வரன் மலைக்குப் போய் அவள் பெயரில் அபிஷேகம் செய்துவிட்டு, பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். இரவு எல்லோருக்கும் சொல்லியாயிற்று: காலையில் ஒன்றும் கொடுக்கக் கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குள் போய்விடும். நானே சொன்னேன். "சரிங்க சார், பச்சத் தண்ணி கூடக் குடுக்க மாட்டமுங்க" என்றார் அப்பா.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் டாக்டர் வார்டுக்கு வந்தார். கேள்வி கேட்பதில் அவருக்கு ஒரு வழி உண்டு. 'சாப்பிட்டாளா?' என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். கட்டிலில் உட்கார்ந்தார். சிறுமியின் தலையைத் தடவினார்.

"காலைல சாமி கும்பிட்டீங்களா அண்ணே?"

"கும்பிட்டமுங்க. வெடியால அஞ்சு மணிக்கே எந்திரிச்சு, குழாயில தண்ணி வாத்து, நல்லாக் கும்பிட்டமுங்க."

"எனக்குப் பிரசாதம் கிடையாதா?"

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏனில்லாமங்க! டேய், எடுடா அத." சித்தப்பா பையிலிருந்து ஒரு வாழை இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பஞ்சாமிர்தம். டாக்டர் வலது கையை நீட்டி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "பாப்பாவுக்கு எவ்ளோ குடுத்தீங்க?"

"ஒரு வாயிதானுங்க. கத்தி வெக்கப் போற புள்ள, சாமி பெரசாதம் இல்லாம எப்பிடிங்க உள்ள அனுப்பறது" என்றார் சித்தப்பா.

ஆயா வாளியைக் கீழே வைத்தாள்.

"இப்ப முடியாது அண்ணே" என்றார் டாக்டர்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "சோறு தண்ணி ஒண்ணுமே குடுக்கலீங்களே. இவங்கதானுங்க சாச்சி" என்று என்னைக் காட்டினார். "பெரசாதமுங்க அது. பெரசாதம் சாப்பாட்டுல சேருமுங்களா?"

"வயித்துக்கு அது தெரியாது. வாழப்பழம், பாலு, தயிரு, எல்லாம் இருக்கு. ஆறு மணி நேரம் ஆவணும்."

"ஏனுங்க, நீங்களும் தமிழ்க்காரங்கதான? வாங்கிக் கண்ணுல ஒத்தித் தின்னுபோட்டு, அதையே குத்தஞ் சொல்றீங்களே! கேட்டு வாங்கி எங்கழுத்த அறுத்துப்போட்டீங்களே!"

டாக்டர் கட்டிலை விட்டு இறங்கித் தரையில், சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சித்தப்பா இலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைத் திட்டினார், டாக்டரைத் திட்டினார், என்னைத் திட்டினார், போன வருடத்துச் சளியைத் திட்டினார். "வா புள்ள, ஊருக்குப் போலாம், போதும் இவங்க சங்காத்தம்" என்று பையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அவர் ஓய்ந்தபோது டாக்டர், "இன்னும் இருந்தா சொல்லுங்க அண்ணே. நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

"எங்கையாலதானுங்களே போச்சு" என்றார் சித்தப்பா, யாரையும் பார்க்காமல்.

"ஒண்ணும் போகல. கடைசி ஆளா வெச்சுக்கறேன். அதுவரைக்கும் பாப்பாவுக்கு ஒண்ணும் குடுக்காம நீங்கதான் பாத்துக்கணும். நீங்க."

மாடிப் படியில் குழுத் தலைவர் எதிரே வந்தார். விஷயத்தைக் கேட்டு, "ஒரே ஒரு வாய்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஒரே ஒரு வாய்தான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த குழந்தையின் கோப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தலைவர் மேலே பேசவில்லை. நான் பேசினேன். "நீங்க பிரசாதம் கேட்டது ஏமாத்தற மாதிரி இருந்துச்சு டாக்டர்."

"மாதிரி என்ன அண்ணே, ஏமாத்துனதுதான்" என்றார். "ஆனா நான் சாப்பிட்டது நெசமா சாமின்னுதான் சாப்பிட்டேன். ரெண்டும்தான்."

அது எனக்கு இன்றுவரை சரியாகச் செரிக்கவில்லை. பிழை என்றும் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் எல்லாம் இழுத்துக்கொண்டே போனது. அண்ணப் பிளவுள்ள ஒரு பையனுக்கு ரத்தம் நிற்காமல், ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரமாயிற்று. அவன் வெளியே வந்தபின், சிறுமியைக் கூப்பிடலாம் என்று நான் வார்டுக்கு இறங்கும்போது, நஞ்சன்கூடு சாலையில் லாரி மோதி இரண்டு பேரைக் கொண்டு வந்துவிட்டார்கள். தியேட்டர் அவர்களுக்குப் போயிற்று. யாரையும் குறை சொல்ல முடியாது. நாலரை மணிக்குத் தலைவர் கையுறையைக் கழற்றிவிட்டு, முகாம் முடிந்தது என்றார்.

காலையிலிருந்து பட்டினி கிடந்த சிறுமியின் முன்னால் டாக்டர் அன்று இரண்டாம் முறை போய் உட்கார்ந்தார். நானும் கூடப் போனேன். சித்தப்பா அவளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய் கூடக் கொடுக்காமல் காவல் காத்திருந்தார், அவரும் சாப்பிட்டிருக்கவில்லை. டாக்டர் விஷயத்தைச் சொன்னார். அப்பா இந்தத் தடவை திட்டவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கடேசி பஸ்ஸு எத்தன மணிக்குங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. டாக்டர் சொன்னார்: "பாப்பாவுக்குச் சோறு குடுங்க. நீங்களும் சாப்பிடுங்க. நான் வந்து சொல்ற வரைக்கும் போகாதீங்க. முடியும்னு சொல்லல. போகாதீங்கன்னுதான் சொல்றேன்."

மேலே தியேட்டருக்கு அடுத்த அறையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை குழு அரண்மனையைச் சுற்றிப் பார்ப்பதாக இருந்தது. நான்கு வருடமாக வந்தும் அவர்கள் அதை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. பகல் பன்னிரண்டுக்கு வேன் வந்து பெங்களூருக்கு ஏற்றிப் போகும். ஒவ்வொருவரும் தங்கள் பெட்டியை மூடி என்னிடம் சாவியைக் கொடுத்தார்கள். டாக்டரின் பெட்டி மட்டும் திறந்தே கிடந்தது. குழந்தைகளுக்கான சின்ன முகமூடிகள், ரப்பர்க் குழாய்கள், எல்லாம் கழுவிப் பச்சைத் துணியின் மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவர் அந்த மேஜை அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

தலைவர் இரண்டு முறை அந்தப் பக்கம் போனார். மூன்றாம் முறை நின்றார். நடந்த பேச்சு ஆங்கிலத்தில்.

"நீ பெட்டி கட்டவில்லை."

"இல்லை."

"காலையில் ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பத்துக்குள் முடியும். அரண்மனை போச்சு."

"போச்சு."

"சரி. குழந்தை தயாரா?"

"நாளைக்குக் காலையில் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்."

தலைவர் அவரையே பார்த்தார். "எங்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் வேண்டாம் என்று சொல்லுவாயா?"

"சளி இருந்தா சொல்லுவேன்" என்றார் டாக்டர். இதை அவர் தமிழில் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் தலைவருக்குப் புரிந்தது, சிரித்துக்கொண்டு போனார் என்பதால் ஆங்கிலமாகத்தான் இருந்திருக்கும்.

அதையே அவர் வார்டில் போய் அப்பாவிடமும் சொன்னார். நாளைக் காலை செய்ய ஆள் இருக்கிறது, தியேட்டர் இருக்கிறது, ஆனால் நெஞ்சு சுத்தமாக இருந்தால்தான். "இருங்க" என்று சொல்லிவிட்டு "முடியாதுன்னாலும் சொல்வேன்" என்றும் சொல்கிறவரை எந்தத் தகப்பன் நம்புவான்? "நீங்க சொன்னதுல இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பொய்யி இல்லீங்க. நல்லதுதான் ஒண்ணுஞ் சொல்லல. இருக்கறமுங்க" என்றார் அப்பா.

அந்த வருடத்துக்குப் பின் நான் டாக்டரைப் பார்க்கவில்லை. குழு வேறு நாடுகளுக்குப் போயிற்று. அவரும் கூடப் போய்க்கொண்டிருந்தார் என்று ஒருமுறை கேள்விப்பட்டேன். அவர் நினைவு எனக்கு வருவது, யாருக்காவது கெட்ட செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டு நான் சட்டென்று எழுந்திருக்கும்போது. பாதி எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிடுகிறேன்.

நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. நான் போகும்போதே ஆயா வாசலில் நின்றாள். "சார், ராத்திரி அந்தக் கொழந்த ரெண்டு தரம் தும்முச்சு. நான் கேட்டேன்" என்றாள் மெதுவாக. நான் யாரிடமும் சொல்லவில்லை. வார்டில் அப்பாவும் சித்தப்பாவும் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். சிறுமி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலைவர் பச்சை அங்கியோடு கதவருகில் நின்றார்.

டாக்டர் வந்து அன்று முதல் வேலையாக ஸ்டெதஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார். சிறுமியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். இருமச் சொல்லிக் கேட்டார். யாரும் அங்கே இல்லாதது போல, வேன் இல்லாதது போல, நேற்று என்று ஒன்று நடக்காதது போலக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் முன்பக்கத்தில் வைத்து, இடது புறம், வலது புறம் கேட்டார். பிறகு காதிலிருந்து அதைக் கழற்றினார்.

"போலாமா?" என்று சிறுமியைக் கேட்டார்.

அவள் கட்டிலின் மேல் எழுந்து நின்று, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.